வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம்

உட்காருங்கள் கண்ணு, அந்த முக்காலியில் உட்காருங்கள். ஊசி கிடக்கும், பார்த்து. கணக்கெடுக்க வந்திருக்கிறீர்கள், நான் சொல்கிறேன், ஆனால் நீங்கள் உடனே எழுதிவிடாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டு எழுதுங்கள். எனக்குச் சரியாகச் சொல்ல வராது. ஆறாவதோடு நின்றவள். ஒன்றைச் சொல்லப் போனால் அது வேறு எங்கேயோ போய் விழுகிறது. போன தடவையும் இப்படித்தான் ஒருவர் எழுத, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நான் சொன்னது ஒன்று, அவர் எழுதியது ஒன்று, நடந்தது இன்னொன்று. அதனால்தான் பயமாக இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் சாயங்காலம் என்னை ஏற்றிப்போக வேன் வந்து நின்றுவிடும்.

அந்தத் தாளில் மேலேயே 'தெருவோரம் தங்குபவர்' என்று போட்டிருக்கிறதே, அது நான் இல்லை. முதலில் அதை அடித்துவிடுங்கள். அடிக்கக் கூடாதா? சரி, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளியாவது வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வீடு இருக்கிறது. அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்துக்கு இந்தாண்டை, பச்சைக் கதவு. இருங்கள், லாரி போகட்டும். இதன் பின்னாலேயே இன்னொன்று வருகிறது, அதுவும் போகட்டும். இப்போது தெரிகிறதா? கதவில் சாய்ந்துகொண்டு தோளில் துண்டோடு நிற்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். கையாட்டுகிறார் பாருங்கள். உங்களுக்கு இல்லை, எனக்கு.

நான் பாய் சுருட்டும் நேரத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள், அதில்தான் குழப்பம். கால் மணி கழித்து வந்திருந்தால் நான் மிஷினில் உட்கார்ந்திருப்பேன். நீங்களும் ஜாக்கெட் தைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டுப் போயிருப்பீர்கள்.

பேர் பாவாயி. வயது நாற்பத்தொன்பது என்று போடுங்கள், ஆதாரில் ஐம்பத்தொன்று இருக்கும், அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எங்கள் அப்பா செய்த வேலை. இந்த வாய்க்கால்மேட்டுப் பிரிவில், ரோடு பிரிகிற இடத்தில், பதினாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், பாவாடை, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் தைப்பது. கடை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். வந்தபோது நடுவில் சின்ன ரோடுதான் இருந்தது. மாடு குறுக்கே படுத்திருக்கும், பஸ் ஆரன் அடித்து எழுப்பும். அப்புறம் நாலு வழியாகப் போட்டார்கள். போட்டதும் போட்டார்கள், என் வீட்டையும் என் கடையையும் வெட்டிப் பிரித்துவிட்டார்கள். கீழ்ப்பாலம் எங்கே வைத்தார்கள் தெரியுமா? இரண்டு கிலோமீட்டர் அந்தாண்டை. அங்கே போய் நுழைந்து, திரும்ப இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். என் முட்டி இருக்கும் இருப்புக்கு நான் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் கடை திறக்கலாம். அதனால் எல்லோரும் குறுக்கேதான் போகிறோம். நான் ஒரு நாளைக்கு நாலு தரம். காலையில் வர, மத்தியானம் அவருக்குச் சோறு போடப் போக, திரும்பி வர, ராத்திரி போக.

அவர் ஏன் வர மாட்டார் என்று கேட்கிறீர்களா? ஸ்பின்னிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சு தின்றவர். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். நடு ரோட்டில் மூச்சு வாங்கினால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

இந்த ரோட்டில் போன வருஷம் மட்டும் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர். கையில் இருந்த பத்திரிகையெல்லாம் என் கடை வாசல் வரைக்கும் பறந்து வந்தது. நான்தான் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தேன். அதிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை. தைக்கும்போதும் காது ரோட்டில்தான் இருக்கும். பிரேக் சத்தம் கேட்டால் ஊசி விரலில் ஏறிவிடும். இந்தப் பெருவிரலைப் பாருங்கள்.

சரி, முன்பு இந்த வாசலில் படுத்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் இது புரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாசம், பொங்கல் முடிந்து கடை திறக்க வந்தேன். ஒரு ஆள் இதே இடத்தில் சாக்கை விரித்துப் படுத்திருந்தான். ஐம்பது, அறுபது வயது இருக்கும். பட்டாளத்துக் கலரில் ஒரு பேண்ட், அதை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். எழுந்திரு என்றேன். எழுந்தான். சாக்கைச் சுருட்டினான். என் கடை வாசலைக் கையாலேயே கூட்டிவிட்டுப் போய்விட்டான். மறுநாளும் அதே மாதிரி. அதற்கும் மறுநாள் அதே மாதிரி. எங்கே இருந்து வந்தான், யார் பெற்ற பிள்ளை, ஒன்றும் தெரியாது. பேரைக் கூடச் சொன்னதில்லை. இரண்டு வருஷம் ஒருத்தர் கடை வாசலில் படுக்கிற மனுஷன் தன் பேரைச் சொல்ல வேண்டாமா? நானும் கேட்கவில்லை, அது வேறு. கடைக்காரி கேட்பாளா? அவன்தான் சொல்ல வேண்டும்.

காலையில் எட்டே கால் ஆனால் அவனுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிடும். வாசலில் கிடக்கும் என் வெட்டுத் துணிச் சாக்கில் கையை விட்டு, சிவப்பாக ஃபால்ஸ் துணித் துண்டு எது கிடைக்கிறதோ எடுத்துக்கொள்வான். கேட்க மாட்டான். எடுத்துக்கொண்டு நேராக ரோட்டுக்குப் போவான். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் போய் நிற்பான் பாருங்கள், லாரி, பஸ், கார் எல்லாம் நிற்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகும். மில்லுக்குப் போகிற பெண்கள் போவார்கள். நானும் அந்தக் கூட்டத்தோடு வந்துவிடுவேன். மத்தியானம் எனக்காகத் தனியாக ஒரு தரம் நிறுத்துவான். நான் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினால் போதும், துணியை உதறிக்கொண்டு முன்னால் போவான்.

அவனிடம் ஒரு பழக்கம். வண்டியைப் பார்க்கவே மாட்டான். முகத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, முதுகை வண்டிக்குக் காட்டி நிற்பான். ஒரு நாள் கேட்டே விட்டேன், "ஏப்பா, வண்டி வருதா இல்லையான்னு ஒரு எட்டுப் பாக்கக் கூடாதா?"

"பாத்தா வந்துருவானுங்க," என்றான். "நாம அவனப் பாத்தா, இவன் நம்மளப் பாத்துட்டான், ஒதுங்கிக்குவான்னு அழுத்துவான். பாக்கலீன்னா அவந்தான் பாக்கோணும். நின்னுதான் ஆவோணும்."

பைத்தியக்காரப் பேச்சு. ஆனால் நின்றார்களே, அதைச் சொல்ல வேண்டும் அல்லவா. நிற்கிற டிரைவர்கள் வாயை மூடிக்கொண்டா நிற்பார்கள்? கெட்ட வார்த்தையெல்லாம் என் கடை வாசலில்தான் வந்து விழும். கல்யாணப் பெண்ணின் அம்மா அளவு கொடுத்துக்கொண்டு இருப்பார், அந்தப் பேச்சு காதில் விழும். அவர் என்னைப் பார்ப்பார், நான் டேப்பைப் பார்ப்பேன். அப்புறம் காலையில் சீக்கிரம் வந்தால் அவன் எழுந்திருக்கும் வரைக்கும் நான் வாசலில் நிற்க வேண்டும். என் கடைக்கு நானே காத்திருக்க வேண்டுமா?

அதோடு போனால் பரவாயில்லை. புரட்டாசியில் ஒரு பட்டு ஜாக்கெட் துணி காணாமல் போனது. அரக்குச் சிவப்பு, நல்ல கனமான பட்டு. நிச்சயத்துக்கு என்று கொடுத்தது. எங்கே தேடியும் இல்லை. சிவப்பு என்றால் யார் எடுப்பார்கள்? நீங்கள் சொல்லுங்கள் கண்ணு, சிவப்புத் துணி காணோம் என்றால் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார்கள்?

கேட்டேன். "நான் கழிவுத் துணிதானுங்க எடுப்பேன்" என்று சாக்கைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு தட்டு, ஒரு போர்வை, ஒரு சீப்பு. சீப்பில் பாதிப் பல் இல்லை. எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கலாம் அல்லவா?

அந்தச் சமயம் பார்த்து ஸ்டேஷனில் இருந்து கூட்டம் போட்டார்கள். கல்யாண மண்டபத்தில், பொதுமக்கள் குறை கேட்கிறோம் என்று. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அம்மா மைக்கில் பேசினார். சின்ன வயசுதான், உங்களை விட நாலைந்து வயது கூட இருக்கும். "பயப்படாம எழுதிக் குடுங்க. குற்றம், போக்குவரத்து, ஆதரவற்றோர், மூணுக்கும் தனித் தனித் தாள் வெச்சிருக்கோம். ஒரு வாரத்துல நடவடிக்கை" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பதினாறு வருஷத்தில் என்னை யாரும் எழுதிக் கொடு என்று சொன்னதில்லை.

எனக்கு எழுத வருமா? ஏட்டு நல்லசிவம்தான் எழுதினார். அவர் எங்கள் பிரிவுக்குப் போட்ட ஏட்டு. காலையில் எட்டு முதல் பத்து வரை, சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை இங்கே நின்று வண்டியை ஒழுங்கு பண்ண வேண்டும். நின்றதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு உண்டு, பட்டா புத்தகம் என்பார்கள். அது என் கடையில்தான் தொங்கும். அதோ, கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறதே. ஊரில் எத்தனையோ கடை இருக்கிறது, மளிகை இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது. ஆனால் போலீஸ் நோட்டு என் கடையில்தான். குடிகாரன் ஒருத்தன் என் வாசலில் வந்து சத்தம் போடட்டும் பார்க்கலாம். அந்த நோட்டுக்கு இருக்கிற மரியாதை அப்படி. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஏட்டிடம் நான் சொன்னது இதுதான். குற்றத்துக்கு, பட்டுத் துணி. போக்குவரத்துக்கு, வேகத்தடை போட வேண்டும், அது முடியாவிட்டால் கோடாவது போட வேண்டும். ஆதரவற்றோருக்கு, இந்த மாதிரி ஒருவர் படுக்கிறார், அவருக்கு ஒரு இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மூன்றும் மூன்று விஷயம். தெளிவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "பாவாயக்கா, வேகத்தடை ஹைவேஸ்காரங்க வேலை. நாம எழுதுனா அங்க போயி, அங்கிருந்து டெல்லிக்குப் போயி, உம்பட பேத்தியோட அறுபதாங் கல்யாணத்துல வரும். நம்ம கையில ஆவறத எழுதுவோம். துணி எடுத்தது யாரு? அவன். நடுரோட்டுல வண்டிய மறிக்கறது யாரு? அவன். பிளாட்பாரத்துல படுக்கறது யாரு? அவன். மூணு தாளுலயும் ஒரே ஆளு. ஒரே நாள்ல மூணும் தீந்துரும்."

"வண்டிய மறிக்கறது நமக்கு நல்லதுதானுங்களே ஏட்டய்யா?" என்றேன். கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"அது நான் பண்ற வேலைக்கா. எம்பட வேலைய ஒரு பிச்சைக்காரன் பண்றான்னு எழுத முடியுமா?"

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. பின்னால் வரிசை வேறு நின்றது. மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டேன். பேர் தெரியாத நபர் என்று போட்டார்.

வேன் வியாழக்கிழமை வந்தது. ஒரு வாரம் என்றார்கள், மூன்றாம் நாளே வந்துவிட்டது. காலை எட்டே கால். இரண்டு போலீஸ்காரர்கள், காப்பகத்தில் இருந்து ஒருவர், கூட ஏட்டு. அவன் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்போதுதான் கிளம்பினான். ஏறு என்றார்கள். அவன் ஓடவில்லை, சத்தம் போடவில்லை. "ஸ்கூல் போயிரட்டுங்க, ஏறிக்கறேன்" என்றான்.

அவர்களும் என்ன செய்வார்கள், நின்றார்கள். அவன் போய் நடுவில் நின்றான். வண்டியெல்லாம் நின்றது. பிள்ளைகள் போயின, மில்லுக்காரப் பெண்கள் போனார்கள். ஏட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஒரு வேலை இருந்தது, அவரும் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டு, மறுபடி நிறுத்தும்போது திரும்பி வந்தார். எல்லாம் முடிந்த பிறகு அந்த மனிதர் வந்து சிவப்புத் துணியை நாலாக மடித்து என் மிஷின் மேலே வைத்தார்.

"உங்க துணிங்க," என்றார்.

அவ்வளவுதான். ஏறிவிட்டார். போனபிறகு நான் அந்த மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். வெறும் ஃபால்ஸ் துணிதான். பட்டு இல்லை.

மறுநாள் போனில் ஒரு அழைப்பு. பெண் குரல், மிஷின் பேசுகிறது. உங்கள் குறை தீர்ந்திருந்தால் ஒன்றை அழுத்தவும், தீராவிட்டால் இரண்டை அழுத்தவும் என்றது. மூன்று மனுவுக்கு மூன்று தரம் கூப்பிட்டது. மூன்று தரமும் ஒன்றை அழுத்தினேன். ஆள் போய்விட்டார் அல்லவா, அப்புறம் இரண்டை எப்படி அழுத்துவது? நாலைந்து நாள் கழித்து ஏட்டு சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கா, அத்தனை மனுவுலயும் மூணுதான் பூராத் தீந்தது, மூணும் உம்படது. மேலிடத்துல இன்ஸ்பெக்டரம்மாவுக்கு நல்ல பேரு."

இது மட்டும் எழுத வேண்டாம், பட்டுத் துணி கிடைத்துவிட்டது. அயர்ன் மேஜையில் விரித்த கம்பளி மடிப்புக்குள் இருந்தது. நானே வைத்திருப்பேன் போல. தைத்துக் கொடுத்துவிட்டேன், அவர்களுக்கு அளவு நன்றாக இருந்ததாம். கிடைத்தால் என்ன, அப்போது காணாமல்தானே இருந்தது? காணாமல் இருந்தபோது காணோம் என்றுதானே சொல்ல முடியும்?

அப்புறம்தான் ரோடு தன் குணத்தைக் காட்டியது. காலையில் பிள்ளைகளை அப்பன்மார் வண்டியில் ஏற்றிக் கீழ்ப்பாலம் சுற்றிக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கையைக் கோர்த்துக்கொண்டு ஓடுகின்றன. போலீஸில் இரண்டு இரும்புத் தடுப்பு கொண்டுவந்து வைத்தார்கள், நகைக்கடை விளம்பரம் போட்டது. மூன்றாம் நாள் ஒன்றை டெம்போ இடித்துவிட்டுப் போனது. இன்னொன்றில் யாரோ துணி காயப் போடுகிறார்கள். பால்கார நாச்சிமுத்து சைக்கிளோடு விழுந்தார். இடுப்பு எலும்பு. பால் முழுவதும் ரோட்டில் வெள்ளையாக ஓடியது, அதன் மேலேயும் வண்டி ஏறிப் போகிறது. எனக்கு என்னவோ அதுதான் தாங்கவில்லை.

அப்புறம் எனக்கே ஆனது. மத்தியானம், ஒரு கையில் தூக்குப்போசி. பாதி ரோடு போய்விட்டேன். வெள்ளைக் கார் ஒன்று வந்தது. நான் அதை ஓட்டியவனைப் பார்த்துவிட்டேன், அதுதான் தப்பு. அவனும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டான். அழுத்தினான். சேலை முந்தானையைக் காற்று இழுத்தது. தூக்குப்போசி எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தபோது மூடி மட்டும் கையில் இருந்தது. இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கூப்பிட வாயைத் திறந்தாராம், மூச்சு வரவில்லையாம். அன்றைக்கு இரண்டு பேரும் சோறு தின்னவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து நின்று, "வாங்கம்மா, மூணு மனு குடுத்தவங்கதானே?" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எல்லாம் சொன்னேன். எட்டு மணிக்கு ஒரு போலீஸ்காரரை நிற்க வையுங்கள், அது போதும் என்றேன்.

"அங்கதான் ஏட்டு நல்லசிவம் நிக்கிறாரே?"

அவரே, "உங்க கடையிலதானே புத்தகம் இருக்கு?" என்று ஆளை அனுப்பி இந்த நோட்டை வரவழைத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏட்டும் அங்கே மூலையில் நின்றிருந்தார்.

அதைத்தான் அப்புறம் சொல்கிறேன் என்றேனே, இப்போது சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் வாருங்கள். ஏட்டு ஒன்றாம் தேதி வந்தால் மாசம் முழுவதுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நான்தான் போடச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை கண்ணு. மந்திரி வந்தால் அவர்தான் போக வேண்டும், தேரோட்டம் என்றால் அவர்தான், கட்சி ஊர்வலம் என்றால் அவர்தான். இங்கே எங்கிருந்து நிற்பது? சர்க்கரை வேறு. ஒரு நாள் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து நோட்டைக் கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. "எதுக்கு ஏட்டய்யா தெனமும் ஓடியாறீங்க, ஒரேமுட்டாப் போட்டு வெச்சுருங்க, நானென்ன வேற ஆளா" என்று சொல்லிவிட்டேன். தேதிக்குத் தேதி பேனா மாற்றிப் போடுங்கள் என்று சொன்னதும் நான்தான். ஒரே மையில் இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா? நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு. பேனா இரண்டும் என்னுடையது. அந்த ஆள் ரோட்டில் நின்றுகொண்டு இருந்தவரைக்கும் இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "ஒரு நாள் விடாம நின்னிருக்காரு. காலையும் சாயங்காலமும். நீங்களே பாத்துக்கற புத்தகம்." என்னைப் பார்த்தார். "நிக்கிறாரா இல்லையாம்மா? தைரியமாச் சொல்லுங்க."

ஏட்டு தொப்பியைக் கையில் வைத்து உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வைகாசியோடு அவருக்குப் பணி முடிகிறது. நாலே மாசம். நான் உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும், இந்த நோட்டு என் கடையில் தொங்குமா?

"நிக்கிறாருங்க," என்றேன்.

"அப்ப நீங்கதான் கொஞ்சம் பாத்துப் போவோணும்," என்றார் அந்த அம்மா. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஏட்டிடம் கேட்டேன், அந்தக் காப்பகத்தில் இருந்து அந்த மனிதரைத் திரும்ப அனுப்ப முடியாதா என்று. "அவன் ஒம்போது நாள்ல ஓடிட்டான்க்கா. அங்க பேரு அப்பாத்துரைன்னு எழுதி வெச்சிருக்காங்க. நல்ல சோறு, கட்டிலு, ஃபேனு, எல்லாம் இருக்குது. எதுக்கு ஓடுனான்னு தெரீல. காலைல எட்டு மணியாச்சுன்னா கேட்டு வாசல்ல போயி நின்னுக்குவானாம்," என்றார். அப்பாத்துரை. பாருங்கள், எவ்வளவு நல்ல பேர். சொல்லியிருக்கலாம்.

நானும் யோசித்தேன். வீட்டுக்காரர் போனில், "விடியக்காலைல அஞ்சு மணிக்குக் கடந்து வந்துரு, அப்ப வண்டி இருக்காது" என்கிறார். வண்டி இல்லாத நேரத்தில்தான் வருகிற ஒருத்தன் பறந்து வருவான். ஆட்டோவில் சுற்றி வா என்கிறார்கள். தினம் நாலு தரமா? இவரை இங்கே கூட்டி வந்துவிடலாம் என்றால், கடைக்குள் தகரம் கொதிக்கிறது, அவர் மூச்சுக்கு ஆகாது. அதனால் யார் வம்பும் வேண்டாம் என்று ஒரு முடிவு செய்தேன். கடப்பதால்தானே ஆபத்து? கடக்காவிட்டால்? நாற்பத்து மூன்று நாளாக நான் அந்த ரோட்டில் காலை வைக்கவில்லை. ஒரு கீறல் இல்லை பாருங்கள்.

சமையல் இங்கேயே. ஸ்டவ் மிஷினுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே வேகிறது என்று ராத்திரி பாயை வாசலில் போட்டுக்கொள்கிறேன். வாசல் என்னுடையது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். காலையில் கையாலேயே கூட்டிவிடுவேன், விளக்குமாறு போட்டால் நூல் பறக்கிறது. முந்தாநாள் எதிர்க் கடைக்காரன் கேட்கிறான், "ஏங்க்கா, வாசல்ல படுத்துக்கறது கடைக்கு நல்லாவா இருக்குது?" அவனுக்கு என்ன தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் இங்கிருந்து லைட்டை அணைப்பேன், அவர் அங்கே அணைப்பார். அதுதான் எங்கள் பேச்சு. சில நாள் இரண்டு தரம் போட்டு அணைப்பார், அன்றைக்கு மூச்சு கொஞ்சம் தேவலை என்று அர்த்தம்.

இப்போது எழுதுங்கள். வீடு உண்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம். பச்சைக் கதவு. இங்கே எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறதா? ஒன்று என்று போடாதீர்கள். வேண்டாம், ஒன்றே போடுங்கள். நான் இந்த ஓரத்தில்தான் படுக்கிறேன், அந்த ஓரம் காலியாகத்தான் கிடக்கிறது. அந்த மனிதர் வந்தால் படுத்துக்கொள்ளட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சிவப்புத் துணியையும் இரண்டு தரம் துவைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

கிளம்பிவிட்டீர்களா? அந்தப் பக்கம்தானே போகிறீர்கள், உங்கள் ஜீப் அங்கேதானே நிற்கிறது? அப்படியானால் இந்தத் தூக்குப்போசியை அவரிடம் கொடுத்துவிடுங்கள் கண்ணு. இட்லி ஆறுகிறது. நேற்று ஒரு மில்லுக்காரப் பெண் கொண்டுபோனாள், அதற்கு முந்தின நாள் கேஸ்காரர். மூடியை அழுத்திப் பிடியுங்கள். முகத்தை இந்தப் பக்கம், என் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். வண்டியை மட்டும் பார்க்காதீர்கள். போங்கள், நான் இங்கே நின்று பார்த்துக்கொள்கிறேன்.